கை வர்க்கச் சோதனை

என் மாணவர்கள் எனக்கு வைத்திருக்கும் பெயர் 'போதாது மிஸ்'. இது எனக்குத் தெரியாது என்று அவர்களுக்கு நினைப்பு. முதலாண்டுப் புள்ளியியல் வகுப்பில் யார் எந்த முடிவைச் சொன்னாலும் நான் "ஆதாரம் போதாது" என்று சொல்லி உட்காரவைத்துவிடுவேனாம். சொல்லத்தான் செய்வேன். ஜன்னல் ஓரம் உட்காருகிறவர்களுக்கு மார்க் அதிகம் வருகிறது என்று தன் மூன்று நண்பர்களை மட்டும் வைத்து ஒருவன் எழுதிக்கொண்டு வந்தால், வேறு என்ன சொல்வது? மாலை போட்டு வரவேற்கவா முடியும்.

வீட்டில் அதே வார்த்தை என் நாத்தனாருக்குச் சொந்தம். "உப்பு போதாது." நான் எதைச் சமைத்து வைத்தாலும் முதல் வாயிலேயே தீர்ப்பு வந்துவிடும். என் கணவரைத் தூக்கி வளர்த்த அக்கா என்பதால் அந்தத் தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது. நானும் முறைத்துக்கொண்டே உப்பு ஜாடியை நகர்த்தி வைப்பேன். மற்றபடி நாங்கள் இருவரும் ஒரே வீட்டில் ஒருவரை ஒருவர் சகித்துக்கொண்டு, சில நாள் பிரியமாகவும் இருந்து வந்தோம்.

நாத்தனாருக்கு வேலை ஒரு பெரிய சலவைக்கூடத்தில். ஆஸ்பத்திரித் துணிகள் வண்டி வண்டியாக வந்து இறங்கும்: படுக்கை விரிப்பு, தலையணை உறை, நோயாளிகளின் அங்கி. இயந்திரம் வெளுத்துத் தள்ளுகிற ஈரத் துணியை இழுத்து, சிக்கெடுத்துப் பிரித்து, உலர்த்தும் இயந்திரத்துக்குள் ஏற்ற வேண்டும். நாள் முழுக்கக் கை ஈரத்திலேயே இருக்கும். கையுறை கொடுத்திருக்கிறார்கள். உள்ளே தண்ணீர் போய்விட்டால் அதற்குப் பெயர் கையுறை இல்லை, தண்ணீர்ப் பை.

பாதி இயந்திரங்களுக்குப் புதிதாக ஒரு சலவைத் திரவம் வந்தது. நாத்தனார் நிற்பது அந்தப் பாதியில். கொஞ்ச நாளில் அவர் விரல் இடுக்கெல்லாம் சிவந்து, தோல் உரிந்து, மணிக்கட்டு வரைக்கும் அரிப்பு ஏறிவிட்டது. டாக்டர் பார்த்துவிட்டு ஏதோ ஒவ்வாமை, மற்றவர்களுக்கு ஒட்டாது, கையை ஈரத்தில் வைக்காதீர்கள் என்று களிம்பு கொடுத்து அனுப்பினார். ஈரத்தில் வைக்காமல் சலவைக்கூடத்தில் என்ன செய்வது என்பதை அவர் சொல்லவில்லை. மற்ற பெண்கள் வாயைத் திறக்காமல் இருந்தபோது நாத்தனார் மட்டும் நேரே மேலாளரிடம் போய், "இந்தப் புதுத் தண்ணிதான் சார் காரணம்" என்று சொல்லிவிட்டு வந்தார். அவருக்கு அப்படி ஒரு வாய்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது வந்து எதிரில் உட்கார்ந்தார். சிவப்புப் பேனா பிடித்திருக்கிற நேரத்தில் என் பக்கம் யாரும் வருவதில்லை. கைப்பேசியை நீட்டினார். அறிவிப்புப் பலகையைப் படம் எடுத்திருந்தார்.

'நமது கூடத்தில் நடத்தப்பட்ட கை வர்க்கச் சோதனையின்படி, புதிய திரவத்துக்கும் கை அரிப்புக்கும் தொடர்பு இல்லை. அரிப்பு உள்ளவர்கள் குணமான பின் பணிக்கு வரவும்.' கீழே ஒரு சின்ன அட்டவணை.

"கையைச் சோதிச்சோம்னு போட்டிருக்காங்க பாரு," என்றார் நாத்தனார். "என் கையை யாரும் தொட்டுக்கூடப் பாக்கல. ஒரு பொண்ணு வந்து அரிக்குதா, இல்லியான்னு கேட்டு டிக் அடிச்சிட்டுப் போனா. அதுக்குப் பேரு சோதனையா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அது இந்தக் கை இல்ல அண்ணி. கிரேக்க எழுத்து ஒண்ணு இருக்கு. அதுக்குப் பேரு கை."

"அவங்களுக்கு வேற பேரே கிடைக்கலியா?"

"அது ஒரு கணக்கு. கையில எதுவும் பாக்க மாட்டாங்க."

"கையைப் பாக்காமலே கை சோதனை. நல்லா இருக்கு உங்க படிப்பு." அவர் சிரிக்கவில்லை. "அங்க எல்லாரும் என்ன நினைக்கிறாங்க தெரியுமா? கையை ஏதோ மிஷின்ல வச்சு சோதிச்சுப் பாத்துட்டாங்கன்னு நினைக்கிறாங்க. நீ கணக்கு டீச்சர்தானே, இது சரியா தப்பான்னு சொல்லு. வர்ற வெள்ளிக்கிழமை மேலாளர் என்னைக் கூப்பிட்டிருக்கார். குணமாற வரைக்கும் வீட்ல இருங்க, அப்புறம் பாக்கலாம்னு சொல்லப் போறார்."

அந்த 'அப்புறம் பாக்கலாம்' என்பதற்கு என்ன அர்த்தம் என்று இருவருக்கும் தெரியும். வாழ்நாளில் என்னிடம் எதையும் கேட்டிராத மனுஷி. உப்பைத் தவிர.

நான் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். இந்தச் சோதனையில் பயப்பட ஒன்றும் இல்லை. திரவத்துக்கும் அரிப்புக்கும் சம்பந்தமே கிடையாது என்று முதலில் வைத்துக்கொள்வோம். அப்படியானால் பழைய திரவம், புதிய திரவம் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் அரிப்பு இருக்க வேண்டும். நிஜத்தில் வந்த எண்ணிக்கை அதிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது? அந்த விலகலையெல்லாம் திரட்டி ஒரே எண்ணாக்கினால் அதுதான் கை வர்க்கம். இந்த மாதிரி நாலு கட்ட அட்டவணையில் அந்த எண் 3.84ஐத் தாண்டினால், இது சும்மா தற்செயலாக வந்திருக்கும் என்று தள்ளிவிட முடியாது என்போம். தாண்டாவிட்டால் என்ன சொல்வது என்பதில்தான் வருஷா வருஷம் என் வகுப்பு வழுக்கி விழும்.

புதிய திரவத்தில் வேலை செய்கிற இருபத்துநாலு பேரில் ஒன்பது பேருக்கு அரிப்பு. பழையதில் இருபத்தாறு பேரில் ஐந்து பேருக்கு. எண் 2.07 என்று வந்தது. அட்டவணைக்குக் கீழேயும் அதுதான் இருந்தது.

"கணக்கு சரிதான்," என்றேன்.

நாத்தனாரின் முகம் விழுந்துவிட்டது. "அப்ப நான் சொன்னது பொய்யா?"

"இருங்க. கணக்கு சரி, கடைசி வரி தப்பு. தாண்டலைன்னா தொடர்பு இல்லைன்னு அர்த்தம் கிடையாது. இருக்குன்னு சொல்றதுக்கு இந்த ஆதாரம் போதாது, அவ்வளவுதான்."

"அப்ப இருக்கு."

"அதையும் சொல்ல முடியாது அண்ணி."

"இருக்குன்னும் சொல்ல மாட்டே, இல்லைன்னும் சொல்ல மாட்டே."

"தெரியலைன்னு சொல்வேன்."

"தெரியலைன்னு சொல்றதுக்கா இத்தனை வருஷம் படிச்சே?"

என் கணவர் அந்த அறையில்தான் சட்டை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். ஏற்கெனவே போட்ட சட்டைக்கு மறுபடி போட்டுக்கொண்டிருந்தார். அவர் லிஃப்ட் மெக்கானிக். எனக்கும் அவர் அக்காவுக்கும் பேச்சு முற்றினால் இரண்டு மாடிக்கு நடுவில் சிக்கிய லிஃப்ட் மாதிரி மேலேயும் போகாமல் கீழேயும் வராமல் நின்றுவிடுவார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்," என்றார் நாத்தனார். "நீ என்னை நம்பறியா, இல்லியா?"

"நம்பறது வேற, ஆதாரம் வேற அண்ணி."

வகுப்பில் சொல்கிற அதே குரலில் சொல்லிவிட்டேன். சொன்ன உடனே நாக்கைக் கடித்துக்கொண்டேன், ஆனால் என்ன பயன். அவர் கைப்பேசியை விரல் நுனியால் எடுத்துப் பைக்குள் போட்டார். முழுக் கையால் எதையும் பிடிக்க முடியாது அப்போது.

"அந்த நோட்டீஸ் ஒட்டின நாள்லேர்ந்து சாப்பாட்டு ரூம் பெஞ்சுல யாரும் என் பக்கத்துல உக்கார்றது இல்ல," என்றார், எழுந்துகொண்டே. "தள்ளித் தள்ளிப் போய் உக்கார்றாங்க. சோதிச்சுப் பாத்தாச்சு, திரவம் இல்லைன்னுட்டாங்க. அப்ப வியாதிதானேன்னு பேசிக்கிறாங்க. கூட வேலை செய்யறவங்களைக் குத்தம் சொல்ல முடியுமா, அவங்க வீட்லயும் குழந்தைங்க இருக்கு. நான் கை கழுவற தொட்டிகிட்ட நின்னுட்டே சாப்பிட்டுக்கறேன்."

அவர் போன பிறகு எனக்கு விடைத்தாள் ஓடவில்லை. குளியலறைக் கதவில் அவர் துண்டு மட்டும் தனி ஆணியில் தொங்குகிறது. யாரும் சொல்லாமல் அவரே மாற்றிக்கொண்டார். என் மகள் பள்ளிக்கூடம் போகும்போது அத்தை கையைப் பிடித்துக்கொண்டுதான் போவாள். இப்போது அத்தை தன் தோள் பையின் வாரைக் கொடுத்து அதைப் பிடித்துக்கொள்ளச் சொல்கிறார். இதையெல்லாம் நான் பார்க்காமல் இல்லை. டாக்டர் ஒட்டாது என்று சொன்னதும் என் காதில் விழுந்ததுதான். இருந்தாலும் துண்டைப் பழைய ஆணிக்கு மாற்றுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உள்ளூர ஒரு நிம்மதிகூட இருந்தது. சலவைக்கூடத்துப் பெண்கள் பெஞ்சில் செய்ததை நான் ஆணியில் செய்திருந்தேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

வெள்ளிக்கிழமை நானும் கிளம்பினேன். உறவினர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வரலாம் என்று சொல்லியிருந்தார்கள்.

"நீ வந்து என்ன சொல்லப் போறே?"

"தெரியலைன்னு சொல்லப் போறேன்."

"அதுக்கு நான் ஒருத்தியே போதும்," என்றார். ஆனால் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் எனக்கு இடம் விட்டார்.

மேலாளரின் அறையில் சோப்பு வாசனை அடித்தது. மேஜை ஓரத்தில் மாதிரிக்காக மடித்து வைத்த வெள்ளைத் துண்டுகள். மேலாளரைக் கொடுங்கோலன் என்று நினைத்துக்கொண்டு போன எனக்கு ஏமாற்றம். களைத்துப்போன, மரியாதையான மனிதர். நாத்தனாருக்குத் தானே நாற்காலியை இழுத்துப் போட்டார். அவர் பக்கத்தில் தர அதிகாரி என்று ஒரு இளைஞர். என்னைப் பார்த்ததும் வெடுக்கென்று எழுந்து நின்றார்.

"மிஸ்."

ரெண்டு மார்க். அவர் பெயர் எனக்கு நினைவில்லை, அந்த வழக்குதான் நினைவிருக்கிறது. முதலாண்டுத் தேர்வில் இதே சோதனைக்குக் கணக்கையெல்லாம் சரியாகப் போட்டு, கடைசியில் 'தொடர்பு இல்லை' என்று எழுதியிருந்தார். நான் ரெண்டு மார்க் வெட்டினேன். ஆசிரியர் அறை வரைக்கும் வந்து, அர்த்தம் ஒண்ணுதானே மிஸ், ஒரு வார்த்தைக்கு ரெண்டு மார்க்கா என்று மல்லுக்கு நின்றார். அன்றிலிருந்து எனக்கு அவர் ரெண்டு மார்க்.

"கணக்கு சரியா இருக்கா மிஸ்?" என்று கேட்டார், குரல் இறங்கியிருந்தது.

"கணக்கு சரி."

மேலாளர் மூச்சு விட்டார். "அப்புறம் என்னம்மா? உங்களை மாதிரி படிச்சவங்களே சொல்லிட்டீங்க."

"கடைசி வரி யார் எழுதினது?"

ரெண்டு மார்க் மேலாளரைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். பிறகு, "நான் முழுசாத்தான் எழுதினேன் மிஸ்," என்றார். "தொடர்பு இருப்பதாகக் கூறப் போதிய ஆதாரம் இல்லைன்னு. அப்படியேதான் எழுதிக் குடுத்தேன்."

"அது ஒரு வரியில அடங்கல," என்றார் மேலாளர். அவருக்கு இதில் ஒளிக்க எதுவும் இல்லை. "பலகையில கொட்டை எழுத்துல போடணும், எல்லாரும் நடந்துகிட்டே படிக்கணும். அதனால சுருக்கினேன். முதல் வார்த்தையைத் தொடல, கடைசி வார்த்தையையும் தொடல. நடுவுல இருந்ததை மட்டும்தான் எடுத்தேன்."

தொடர்பு. இல்லை. எனக்குக் கோபம் வர வேண்டும், வரவில்லை. நடுவில் இருந்ததை மட்டும்தான் எடுத்தார். அந்த நடுவில்தான் என் நாத்தனாரின் வேலை இருந்தது, பெஞ்சில் அவர் உட்காருகிற இடமும் இருந்தது. அது மேலாளருக்கு எப்படித் தெரியும். ரெண்டு மார்க்குக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"சுருக்கினதைப் பாத்தப்ப நீங்க ஒண்ணும் சொல்லலியா?" என்றேன்.

"அர்த்தம் ஒண்ணுதானேன்னு விட்டுட்டேன் மிஸ்," என்று சொல்லிவிட்டு, தான் சொன்னது தன் காதிலேயே விழுந்த மாதிரி சட்டென்று நிறுத்திக்கொண்டார். காது மடல் சிவந்துவிட்டது.

மேலாளர் முன்னால் சாய்ந்தார். "நேரடியாவே கேக்கறேன்மா. தொடர்பு இருக்குன்னு நீங்க சொல்றீங்களா? சொன்னா நான் ஏத்துக்கறேன். எனக்கும் இவங்களை அனுப்பறதுல சந்தோஷம் கிடையாது."

நாத்தனார் என்னைப் பார்த்தார். கெஞ்சவில்லை. அந்தப் பார்வையில் அவர் இதுவரைக்கும் கேட்காத எல்லாம் இருந்தது. ஒரே ஒரு 'ஆமா' போதும். யாரும் என்னைக் குறுக்குக் கேள்வி கேட்கப் போவதில்லை. நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"சொல்ல முடியாது," என்றேன்.

நாத்தனார் தலை குனிந்துகொண்டார்.

"ஆனா இல்லைன்னு சொல்ல உங்களாலயும் முடியாது சார். புதுத் திரவத்துப் பக்கம் அரிப்பு கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. இது தற்செயலா, இல்ல நிஜமான்னு பிரிச்சுச் சொல்ல அம்பது பேர் போதாது. உங்களுக்கு இன்னொரு கூடம் இருக்குன்னு அண்ணி சொன்னாங்க, அங்கயும் பாதி இயந்திரத்துக்குப் புதுத் திரவம்தான். அங்கயும் கேளுங்க. ரெண்டையும் சேர்த்துத்தான் முடிவு சொல்லுவோம்னு இப்பவே பேசி வச்சுக்கோங்க. எண்ணிக்கை வந்தப்புறம் பிடிச்சதை மட்டும் எடுத்துக்கக் கூடாது. அதுவரைக்கும், தெரியாத ஒண்ணுக்காக ஒருத்தரை வீட்டுக்கு அனுப்பாதீங்க."

மேலாளர் ஒரு தாளை இழுத்துக் குறித்துக்கொண்டார்.

"இன்னொண்ணு. அந்த நோட்டீஸ்ல ரெண்டாவது வரியை எடுத்துடுங்க. கையைக் காட்டினா வேலை போகும்னா யாரு கையைக் காட்டுவாங்க? நீங்க எத்தனை பேரைக் கேட்டாலும் எல்லாரும் இல்லைன்னுதான் சொல்வாங்க."

அது அவருக்கு உறைத்தது என்று நினைக்கிறேன். நோட்டீஸை எடுத்துவிட்டு 'இன்னும் தெரியவில்லை' என்று வேறொன்றை ஒட்டச் சொன்னார். நாத்தனாரை உலர்ந்த துணி மடிக்கிற பிரிவுக்கு மாற்றினார். எண்ணிக்கை வரும் வரைக்கும்தான், அதற்கு மேல் வாக்குறுதி எதுவும் கிடையாது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் ஓரம் நாத்தனாரே உட்கார்ந்துகொண்டார். வெளியே பார்த்தபடியே, "அவர் கேட்டப்ப ஆமான்னு சொல்லியிருக்கலாம்," என்றார்.

"பொய்யாயிடும் அண்ணி."

"எனக்காக ஒரு பொய் சொல்லக் கூடாதா?"

"சொல்லியிருப்பேன். ஆனா நாளைக்கு வேற யாராவது வந்து அதைப் பொய்னு நிரூபிச்சா, நீங்க சொன்ன நிஜமும் அதோட சேந்து போயிடும்."

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் உப்பைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. மறுநாளும் வரவில்லை. வேண்டுமென்றே உப்பை இன்னும் குறைத்துப் போட்டுப் பார்த்தேன், பேசாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்தார். எனக்கு அதுதான் பயமாக இருந்தது. கணவர் இருந்த எல்லாச் சட்டைகளுக்கும் இஸ்திரி போட்டு முடித்தார்.

துண்டை நான் பழைய ஆணிக்கு மாற்றி வைத்தேன். மறுநாள் காலையில் அது மறுபடி தனி ஆணியில் தொங்கியது.

சில வாரம் கழித்து ரெண்டு மார்க் கூப்பிட்டார். இன்னொரு கூடத்தின் எண்ணிக்கை வந்துவிட்டது. புதிய திரவத்தில் இருபத்திரண்டு பேரில் எட்டு பேருக்கும், பழையதில் இருபத்தெட்டு பேரில் நாலு பேருக்கும் அரிப்பு. அதுவும் தனியாகப் பார்த்தால் கோட்டைத் தாண்டவில்லை. பேசி வைத்திருந்தபடி இரண்டையும் சேர்த்தார்கள்.

"5.3 மிஸ்," என்றார். "தாண்டிடுச்சு."

நான் கையில் இருந்த பேனாவைக் கீழே வைத்தேன். "கடைசி வரி படிங்க."

"புதிய திரவம் பயன்படும் இயந்திரங்களுக்கும் கை அரிப்புக்கும் தொடர்பு இருப்பதாகக் கருதப் போதிய ஆதாரம் உள்ளது. காரணம் திரவமா, வேறு ஏதாவதா என்று இன்னும் தெரியவில்லை. அந்த இயந்திரங்கள்ல வெந்நீர் சூடும் கூட்டியிருக்காங்க மிஸ், அதனாலதான் அப்படிப் போட்டேன். மறு உத்தரவு வரைக்கும் பழைய திரவம், பழைய சூடு. யாரையும் நிறுத்த மாட்டாங்க."

"நடுவுல யாராவது வெட்டினாங்களா?"

"இல்ல மிஸ். மேலாளர் பலகையை ரெண்டு மடங்கு பெருசா மாத்திட்டார்." கொஞ்சம் தயங்கினார். "நீங்க ஒரு நாள் சாப்பாட்டு நேரத்துல வந்து எல்லாருக்கும் சொல்லணும். கை சோதனைன்னு மறுபடி குழப்பிப்பாங்க. உங்க அண்ணி இன்னும் நின்னுட்டேதான் சாப்பிடறாங்க."

போனேன். சாப்பாட்டு அறை நீளமானது. இரண்டு பக்கமும் பெஞ்சு, நடுவில் மேஜை, கோடியில் வரிசையாகக் கை கழுவும் தொட்டிகள். பெண்கள் ஏப்ரன் மாதிரியான முன்கட்டுத் துணியோடு உட்கார்ந்திருந்தார்கள். பெஞ்சில் இடம் இருந்தது, ஆனாலும் நாத்தனார் தொட்டிப் பக்கம் நின்றார். டப்பாவைத் தொட்டி விளிம்பில் வைத்து, சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார். காலையில் நான் கட்டிக்கொடுத்த டப்பா. என்னைப் பார்த்தும் திரும்பவில்லை.

நான் என்னால் முடிந்தவரை எளிமையாகச் சொன்னேன். இந்தக் கை வேறு அந்தக் கை வேறு என்றபோது சிலர் சிரித்தார்கள். முதலில் ஆட்கள் போதவில்லை, இப்போது போதும், நாத்தனார் சொன்னதில் விஷயம் இருக்கிறது, திரவமா சூடா என்று இனிமேல்தான் பார்க்க வேண்டும் என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். உயரமாக ஒரு பெண், கையை முன்கட்டுத் துணிக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள், எழுந்தாள்.

"அதெல்லாம் சரிங்க மேடம். அது ஒட்டுமா, ஒட்டாதா?"

அறையே என்னைப் பார்த்தது. அவர்கள் ஆரம்பத்திலிருந்தே கேட்டுக்கொண்டிருந்த ஒரே கேள்வி அதுதான் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"இந்தக் கணக்கு அதைக் கேக்கவே இல்லைங்க," என்றேன். "டாக்டர் ஒட்டாதுன்னு சொல்லியிருக்கார்."

"அது உங்ககிட்ட சொன்னார். எங்ககிட்ட சொல்லலியே."

நியாயம்தான். யாரும் அசையவில்லை. என் வாய் பழக்கத்தில் 'ஆதாரம்' என்று ஆரம்பிக்கப் பார்த்தது. நான் அதை மூடிக்கொண்டு தொட்டிப் பக்கம் நடந்தேன்.

"எனக்கு ஒரு வாய் குடுங்க அண்ணி."

நாத்தனார் திரும்பினார். "கரண்டி கொண்டு வரல."

"கையால குடுங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு டப்பாவிலிருந்து ஒரு உருளைக்கிழங்குத் துண்டை எடுத்தார். மடிப்புப் பிரிவுக்குப் போன பிறகு சிவப்பு கொஞ்சம் குறைந்திருந்தது, ஆனாலும் விரல் முட்டியெல்லாம் இன்னும் வெடித்துத்தான் இருந்தது. கை பாதி வழியில் நின்றுவிட்டது. நான் குனிந்து வாங்கிக்கொண்டேன்.

"ஆதாரம் வேணாமா டீச்சரம்மா?" என்று கேட்டார்.

"வேணாம் அண்ணி. நான் உங்களை நம்பறேன். அன்னைக்கே இதைச் சொல்லியிருக்கணும்."

நான் மென்றேன், விழுங்கினேன். எத்தனையோ வருஷமாக நான் ஒப்புக்கொள்ளாத ஒன்று நாக்கில் தெரிந்தது.

"உப்பு போதல," என்றேன்.

"இத்தனை நாளா தொண்டை கிழிய அதைத்தானே சொல்றேன்," என்றார் நாத்தனார். கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கி, கை எச்சிலாக இருந்ததால் தோள்பட்டையிலேயே துடைத்துக்கொண்டார்.

உயரமான பெண் இன்னும் உட்காரவில்லை. முன்கட்டுத் துணிக்குள்ளிருந்து கையை வெளியே எடுத்து மேஜை மேல் வைத்தாள். விரல் இடுக்கெல்லாம் சிவப்பு. பக்கத்தில் இருந்தவர்கள் பார்த்தார்கள். அவள் தன் இடுப்பால் அடுத்தவளை மெதுவாக இடித்தாள்.

"தள்ளி உக்காருங்கடி. அக்கா உக்காரட்டும்."

ஒருத்தி நகர்ந்தாள், அடுத்தவள் நகர்ந்தாள், பெஞ்சின் கோடி வரைக்கும் எல்லோரும் டப்பாவை இழுத்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்தார்கள். நடுவில் ஒரு ஆளுக்கு இடம் வந்தது. நாத்தனார் தன் டப்பாவை எடுத்துக்கொண்டு போய் அங்கே உட்கார்ந்தார்.